வளைவில் அடித்த ஹாரன்

அன்புள்ள அம்மாவுக்கு,

சார்ஜாவிலிருந்து மணிவண்ணன். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

அப்பா காரியத்துக்குக்கூட என்னை வரவிடாத அந்தப் பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார், பட்டறையில் எட்டு மாதம் துரு சுரண்டிய பிறகு நேற்று ஓட ஆரம்பித்துவிட்டது. முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்தான் ஓட்டினேன். சுற்றிலும் வெறும் மணல், எதிரே ஒரு வண்டி இல்லை. ஆனாலும் நம் மலைரோடு மாதிரி ஒவ்வொரு திருப்பத்திலும் என்னையறியாமல் ஹாரன் அடித்திருக்கிறேன். முதலாளி சிரித்தார், நானும் சிரித்தேன்.

கடைசி வளைவில் அப்பாவின் ஜீப் ஹாரன் கேட்டதும், "அப்பா வந்துட்டாரு சாமி, தட்டெடுத்து வை" என்று என்னிடம் சொல்வீர்களே.

சளிக்குக் கொஞ்சம் மிளகு கொடுத்தனுப்புங்கள். ஜீப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமாவுக்கே விற்றுவிடுங்கள். ஹாரனை மட்டும் கழற்றி எனக்கு வைத்திருங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

மணி