எதிர்வாய் இல்லாத கூட்டம்

டைட்டன் சுற்றுப்பாதை, வானொலி அலைக்கோபுரம்
நாள் 1, காலை 08.10
வந்து சேர்ந்தேன். காற்றழுத்தம் சரி. மின்கலம் சரி. எதில் கோளாறு என்று சொல்லி என்னை அனுப்பினார்களோ, அந்த ஆண்டெனாவும் சரி. திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டேன். என்னைக் கொண்டுவந்து விட்ட படகு நிற்காமல் திரும்பிவிட்டது.

நாள் 1, காலை 11.40
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் மருதப்பன், டைட்டனில் உள்ள புதுக்கரைக் குடியிருப்பின் மக்கள் தேர்ந்தெடுத்த எதிர்வாய். யாரோடு சண்டை என்றாலும் அவர்களிடம் நியாயம் கேட்டு, அவர்களுக்காக மன்றத்தில் பேசுவது என் வேலை. நான் பேசி, மக்கள் கேள்வி கேட்டு முடிக்கும்வரை போர்க்கப்பல் கிளம்பக்கூடாது. குடியேறியபோது நாங்களே எழுதிய சட்டம். பள்ளிக்கூடம் போகாத நான் அந்தச் சட்டத்தை வைத்துத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கவே கற்றேன்.
இன்று மன்றம் கூடியிருப்பதை வானொலியில்தான் அறிந்தேன். அடுத்த குடியிருப்பான பனித்துறைக்காரர்கள் எங்கள் தண்ணீர்க் கப்பலைத் தாக்கிவிட்டார்களாம்.

நாள் 1, பகல் 12.25
வானொலியில் மன்றத் தலைவர் ஆவுடையப்பனிடம் நான் பேசும் முறையைக் கேட்டேன்.
"அண்ணாச்சி, பேச வேண்டியதை எழுதி அனுப்புங்க. வாசிச்சதா குறிச்சுக்கிடுதோம்."
"வாசிக்காமலேயா?"
"சனம் கொதிச்சுப்போய்க் கிடக்கு. நீங்க வந்தா நாலு நாளு இழுப்பீங்க."
இழுப்பேன். அந்த நாலு நாளும் யாரும் சாகமாட்டார்கள். போரே கூடாது என்றா சொன்னேன்? கேட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன்.

நாள் 1, பகல் 13.05
கை தூக்கச் சொன்னார்கள். எதிர்ப்பு இல்லையாம். எதிர்த்துப் பேசவென்று வைத்த ஆளை வானத்தில் தள்ளிவிட்டால் எப்படி இருக்கும்? கப்பல்கள் கிளம்பிவிட்டன. வழியில் யாரும் மனம் மாறிவிடக்கூடாது என்று அவற்றின் வானொலிகளை அடைத்துவிட்டார்கள்.

நாள் 2, காலை 09.30
பனித்துறையோடு யாரும் பேசத் தடை. எதிர்வாய்க்கு அது பொருந்தாது. விடாமல் கூப்பிட்டேன். இப்போதுதான் பதில் வந்தது. அங்கே வானொலி பார்க்கும் தெய்வானை.
"ஏம்மா, எங்க கப்பலை எதுக்கு அடிச்சீங்க?"
"அடிச்சமா? விண்கல்லுல மோதிக் கிடந்துச்சு, பெரியவரே. ஆளுங்களை நாங்கதான் இழுத்துட்டு வந்தோம். அந்தக் கல்லுமழையில எங்க கோபுரமும் விழுந்துபோச்சு, இப்பத்தான் நிமித்துனோம். உங்க கேப்டன் சூசை, குழம்புல உப்பு இல்லைன்னு எங்களைத் திட்டிட்டு இருக்காரு. பேசுறீங்களா?"
பேசினேன். சூசையேதான். கப்பல்கள் வருவதைச் சொன்னேன்.

நாள் 2, காலை 10.20
சூசையின் குரலைப் புதுக்கரை முழுக்க ஒலிக்கவிட்டேன். இப்போது எல்லாரும் பேசுகிறார்கள்.
"கேட்டுத் தொலைச்சிருக்கலாம்லா?"
"நீயும்தானல கை தூக்குன?"
"எதிர்வாய் எங்கேன்னு ஒருத்தனாவது கேட்டமா?"
ஆவுடையப்பன் என்னிடம் கேட்கிறார்: "அண்ணாச்சி, கப்பலைத் திருப்ப வழி இருக்கா?"
"வானொலியை அடைச்சது நானா?"
எல்லா அலைவரிசையிலும் கூப்பிடுகிறேன். ஒரு கப்பலும் கேட்கவில்லை.

நாள் 2, பகல் 14.50
தெய்வானை அழைத்தாள்.
"உங்க கப்பலுங்க வெளிச்சம் தெரியுது, பெரியவரே. சுடுறதுக்கு முன்னாடி உங்க ஆளுங்க எதாவது கேப்பாங்களா? கேட்டா பதில் சொல்லட்டும்னு சூசை அண்ணனை விளக்கோட வெளியில நிறுத்தியிருக்கோம்."
கேட்கமாட்டாங்கம்மா, அவனை உள்ளே கூப்பிடு என்றேன். இரண்டாம் முறையும் சொன்னேன். மறுமுனையில் இரைச்சல். வேறு ஒன்றும் இல்லை.
புதுக்கரை மன்றத்தில் இன்னும் விவாதம் நடக்கிறது. நன்றாகத்தான் பேசுகிறார்கள்.