கொக்கு மார்க் அப்பாவுக்கு, சித்திரைக் குறிப்பின் பின்பக்கத்தில்

எப்போதும் தாங்கள் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்த என் அப்பாவுக்கு,

ஆறு மாதம் தாமதமாக எழுதுகிறேன். புரட்டாசியில் விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோதே வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதனால் ஒரு கல்யாண வீடு கலங்கியது. ஆகையால் உங்களுக்கான இந்தக் கடிதத்தை அவர்களும் படிக்கட்டும் என்று அச்சுக்குக் கொடுக்கிறேன்.

நம் கடையை அறியாதவர் கையில் இது கிடைத்தால்? அவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஆண்களுக்கான தலைப்பாகை, அங்கவஸ்திரம், கைக்குட்டை, குடை, மப்ளர் விற்கிற சின்னக் கடை. ஒவ்வொரு துணியின் மூலையிலும் நீல நூலில் ஒரு கொக்கு இருக்கும். கட்டுமாவடி மீன் வியாபாரி ஒருவர் வரும்போதெல்லாம், "ஏங்க, ஒத்தக்கால்ல நின்னு யாரப் பிடிக்கப் போறீங்க?" என்பார். "ஒங்களத்தான். நீங்கதான மீன் வாசத்தோட வர்றீங்க," என்பீர்கள்.

வருஷத்துக்கு நான்கு முறை, அந்தந்தப் பருவத்துக்கு என்ன உடுத்தலாம், எப்படிப் பேணலாம் என்று ஒரு குறிப்பு அச்சடித்துச் சாமானோடு வைத்துக் கட்டுவீர்கள். 'நனைந்த குடையை மடக்கி மூலையில் சாத்தாதீர்கள், கம்பி துருப்பிடிக்கும்.' 'கைக்குட்டையை நீங்களே துவைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருப்பவளுக்கு வேறு வேலை இருக்கிறது.' அம்மா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் 'தங்கள் நலம் நாடும், கொக்கு மார்க் சுப்பையா' என்று முடியும். திருச்சியில் பி.ஏ. படித்தவள் என்று என்னைத்தான் எழுதச் சொல்வீர்கள்.

ஐப்பசிக் குறிப்பிலும் உங்கள் பெயரைத்தான் போட்டேன். அதை அடித்துவிட மனம் வரவில்லை, அப்பா. அது மழைக்காலக் குடைக்கான குறிப்பு, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தைக் குறிப்பு மாப்பிள்ளைச் சாமானுக்கானது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அரிமளத்தில் ஒரு பெண்ணின் தகப்பனார் தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் கைக்குட்டையும் கேட்டு ஆள் அனுப்பினார். கட்டிக் கொடுத்தேன், குறிப்போடு. அவர்கள் கட்டைப் பிரித்து, குறிப்பையும் சேர்த்துத் தாம்பாளத்தில் வைத்து மஞ்சள் குங்குமம் தடவிச் சபைக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் எடுத்து வாசித்துவிட்டு, "இவரு புரட்டாசியிலேயே போயிட்டாரே?" என்றாராம். தாம்பாளம் அப்படியே ஓரத்துக்குப் போயிற்று. மாப்பிள்ளை யாரோ கழற்றிக் கொடுத்த துண்டோடு மணையில் உட்கார்ந்தார்.

நாலாம் நாள் அந்தத் தகப்பனார் கடைக்கு வந்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. தணிந்த குரலில்தான் கேட்டார்.

"ஏம்மா, செத்தவரு எப்படிம்மா எம் மகளுக்கு நலம் நாடுவாரு?"

"தப்புதாங்க. மன்னிச்சிருங்க."

"அவ ஆத்தா இன்னும் அழுகைய நிறுத்தல. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு தலைவலின்னாக்கூட இதத்தான் சொல்லுவாக. உசுரோட இருக்க ஒரு ஆம்பளை பேரப் போடக் கூடாதா? ஒம் புருஷன் பேரு என்னாச்சு?"

என் வீட்டுக்காரர் பிழைக்க மலேயாவுக்குப் போனவர். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த நாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. அவர் கப்பலேறியபோது வள்ளி என் வயிற்றில் இருந்தாள். இப்போது தபால்காரரின் பின்னாலேயே போய், "எங்கப்பா கடுதாசி இருக்கா?" என்று கேட்கிறாள். அவர் பையைத் துழாவுவதுபோல் துழாவிவிட்டு, "நாளைக்கு வரும் ஆத்தா," என்கிறார்.

தைக்குப் பிறகு கல்யாண வீட்டார் ஒருவரும் கடைப்படி ஏறவில்லை. மாப்பிள்ளைச் சாமான் இல்லாமல் கைக்குட்டையை மட்டும் விற்று அம்மாவும் வள்ளியும் நானும், கொக்குத் தைக்கிற கருப்பையா அண்ணன் குடும்பமும் எத்தனை நாள் சாப்பிட முடியும்? சித்திரைக் குறிப்பில் யார் பெயரைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"நம்ம வீட்டு மாப்பிள்ளை பேரப் போட்டுருங்க தங்கச்சி. யாரு போயி மலேயாவுல விசாரிக்கப் போறாக?" என்றார் கருப்பையா அண்ணன்.

அம்மாவும் அதையேதான் சொன்னாள். "போடாம விட்டீனா ஊரு என்ன நெனைக்கும்? நீயே முடிவு கட்டிட்டேன்னுல்ல பேசும்?"

அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. அதைக் குறிப்பின் அடியில் எழுதினேன். கருப்பையா அண்ணனிடம் கொடுத்து அச்சாபீசுக்கு அனுப்பிவிட்டேன்.

அன்று முழுக்க ஒரே நினைப்பு. அவர் இல்லாமல் போயிருந்தால்? மறுபடியும் ஒரு செத்தவர் பெயரை ஒரு பெண்ணின் தாம்பாளத்தில் வைப்பேனா? இருக்கிறார் என்று எனக்குத் தெரியுமா? இல்லை என்றுதான் தெரியுமா? மறுநாள் காலையில் வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அச்சாபீசுக்குப் போனேன்.

அச்சுக் கோப்பவர் ஏற்கெனவே அந்தப் பெயரைக் கோத்து வைத்திருந்தார்.

"இந்தப் பேர எடுத்துருங்க," என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. சேதி ஏதும் வந்துருச்சா?"

"வரல. வரலைங்கறதாலதான் எடுக்கச் சொல்றேன்."

அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதனதன் அறையில் போட்டார். பார்த்துக்கொண்டே நின்றேன். வள்ளி அவள் பாட்டுக்கு என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப யாரு பேருங்க?"

"எம் பேருதான்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் என் கழுத்தைப் பார்த்தாள், தாலி இருக்கிறதா என்று. அப்புறம் உள்ளே போனவள்தான். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அப்பா. அவர் உயிரோடு வந்து, "என்னை இல்லையென்று முடிவு கட்டிவிட்டாயா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

முன்பக்கத்தைச் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன். யுத்தத்தால் துணிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் புதிது வாங்கச் சொல்லவில்லை. கிழிந்த வேட்டியைக் கொண்டுவந்தால் கரையை வைத்துக் கைக்குட்டை தைத்துத் தருவோம். வெயில் காலத்தில் தலைப்பாகைக்குக் கஞ்சி வேண்டாம், நெற்றியை அறுக்கும். வெளியே போகிறவர் ஈரத் துண்டு ஒன்றைக் குடையோடு எடுத்துப் போகலாம். சரியாக இருக்கிறதா? நீங்களாக இருந்தால் நடுவில் ஒரு கேலி வைத்திருப்பீர்கள். எனக்கு வரவில்லை.

அரிமளத்துப் பெரியவருக்கும் அவர் மகளுக்கும் இங்கேயே சொல்கிறேன்: தவறு என்னுடையது. என் அப்பாவுடையது அல்ல.

இனி யாராவது "ஒம் புருஷன் எங்க?" என்று கேட்டால், "தெரியாதுங்க" என்று சொல்வேன். வள்ளிக்கும் அப்படித்தான் சொல்லப் போகிறேன். அதைக் கேட்டுவிட்டும் வாங்குகிறவர் வாங்கட்டும். ஒருவரும் வராவிட்டால் கடையை நானே பூட்டுகிறேன், என் பெயரிலேயே.

உங்களுக்கு ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். போன பிறகும் ஆறு மாதம் உங்களைக் கடைக்கு வரவழைத்து வேலை வாங்கிவிட்டேன். இனி வாங்க மாட்டேன். படுத்துக்கொள்ளுங்கள், அப்பா.

தங்கள் மகள்,
வள்ளியின் தாய்,
கொக்கு மார்க் தெய்வானை