பதினொன்றாவது டேக்

பிப்ரவரி 2, ஞாயிறு

நாற்பத்துநான்கு வயதில் திரைப்படப் படிப்பு. முதல் குறும்படம். முதல் ஷாட்டிலேயே நின்றுவிட்டது.

கதை இவ்வளவுதான். அப்பா கோபித்துக்கொண்டு, வாசலில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். 'போயிட்டு வரேன்' என்று சொல்லாத அப்பா திரும்பி வரமாட்டார் என்று பயந்து, பத்து வயதுப் பெண் அவரைத் துரத்திக்கொண்டு மாட வீதி, பஸ், பறக்கும் ரயில் என்று சுற்றுகிறாள். அப்பாவாக என் வீட்டுக்காரர் ஸ்ரீநாத், பெண்ணாக எங்கள் ஸ்ரீரஞ்சனி. வீட்டு ஆட்கள் சொன்ன பேச்சு கேட்பார்கள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல?

பதினான்கு டேக். "போயிட்டு வரேன்", "போயிட்டு வரேன்". ஒரு தடவை பாதியில் முழுங்கிவிட்டார். கேமரா பிடிக்கிற பிரபு, என் வகுப்பில் படிப்பவன், வயதில் பாதி. அவனுக்கு ஒரே சிரிப்பு.

"இன்னா சார், வூட்டவுட்டு ஓடச் சொன்னா டாட்டா காட்டிக்கினு கீறீங்க?"

பிப்ரவரி 3

நோட்டில் பதினான்குக்கும் 'என்.ஜி.' போட்டேன். உதவாது என்று அர்த்தம். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மற்ற காட்சிகள் முடிந்தன. ஸ்ரீரஞ்சனி பஸ்ஸில் ஓடி ஏறியது அபாரம். கண்டக்டர் திட்டியது நிஜம்.

வாசல் காட்சி மட்டும் இன்றும் இல்லை. இன்னும் ஆறு டேக்.

"ஆத்து வாசல்ல நின்னுண்டு, குழந்தை மூஞ்சியைப் பாத்து, போறேன்னு எப்படிடீ சொல்றது? நாக்கு வரலை."

"நடிப்புதானே!"

"வாசல் நிஜம்தானே?"

பதில் சொல்ல மட்டும் நாக்கு வருகிறது. கேமராவை நாளை திருப்பிக் கொடுக்கவேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

அடையாறில் வகுப்பு. எடிட்டிங் சொல்லித்தரும் வஜீஹா மேடம், என்னைவிடப் பத்து வயது சின்னவர், படத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டுத்தானே போறார்? அப்புறம் இந்தப் பொண்ணு ஏங்க இப்படி ஓடுது?"

குரலை மட்டும் மாற்றலாமா என்றேன். உதடு 'வரேன்' என்கிறதே என்றார். சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் டிப்ளமோ இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காலையில் காபி ஆறிப்போனதில் ஆரம்பித்தது. "ஒரு வார்த்தை! எனக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியலை உங்களால. இருபது வருஷமா இந்த ஆத்துல நான் என்ன கேட்டேன்?" லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நான் போறேன்."

ஒரே டேக்.

எடிட்டிங் அறைக்குத்தான் போனேன். லஸ் பஸ் ஸ்டாப்பில் திரும்பிப் பார்த்தால் ஸ்ரீரஞ்சனி. யூனிஃபார்ம். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் செருப்பு. பின்னால் மூச்சிரைக்க இவர். அவள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேம்மா போறே?"

"அடையாறு. சாயந்திரம் வந்துடுவேன்."

"அதை அங்கேயே சொல்றதுக்கென்ன?" அழுகிறாள். இவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

இருபது தடவை அவரை 'போறேன்' என்று சொல்லச் சொன்னேனே. ஒவ்வொரு தடவையும் அவள் அந்த வாசற்படியிலேதானே உட்கார்ந்திருந்தாள்?

பிப்ரவரி 14

என்.ஜி. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன்.

பதினொன்றாவது. "நான் போ—" என்கிறார். படியில் இருக்கும் ஸ்ரீரஞ்சனியைப் பார்க்கிறார். வாய் மூடிக்கொள்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறார். அவள் எழுந்திருக்கிறாள். நான் எழுந்திருக்கச் சொல்லவே இல்லை.

அப்புறம் என் குரல்: "கட்! கட்! ஐயோ!" அதை மட்டும் வெட்டினேன்.

பிப்ரவரி 22, சனி

நேற்று வகுப்பில் திரையிட்டார்கள். தேர்ச்சி. ஒலி சுமார் என்று மார்க் குறைத்திருக்கிறார்கள். குறைக்கட்டும். அந்தப் பெண் ஏன் ஓடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

இன்று சான்றிதழ் வாங்கக் கிளம்பினேன். ஸ்ரீரஞ்சனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

சொன்னேன். முழுசாக.