பக்கத்து சீட்டின் பிரேக்

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். இந்த வரியை வழக்கம்போலத் தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று முடித்துவிடுவாய். கடிதத்தை நடுவில் மறித்துப் பேச முடியாது.

உன் மகன் முன்பல் விழுந்து சிரிக்கும் படம் வந்தது. உன் அத்தான் அதைப் பார்த்து, "நம்ம வீட்டு கேட் மாதிரியே இருக்கான், நடுவுல ஒரு கம்பியக் காணோம்" என்றார். கேட்டைச் சரி பண்ணுங்கள் என்று நான் சொல்லி வருஷமாகிறது. பல் முளைத்துவிடும், கம்பி வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லீவில் இங்கே வந்து, என் சர்ஜனிடமே எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, லீவு முடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தாய். அவருடைய ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் என் படத்தைப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்தது என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேனே, அன்று காலையும் வாந்தி எடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை. அந்த மனிதருக்குக் கை சுத்தம். வயிற்றில் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறினால் இரைக்காது, காரில் சீட் பெல்ட் முதல் இழுப்பிலேயே மாட்டுகிறது. ஆனால் வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவருக்கு என்னிடம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது: எடை. போகிறபோதெல்லாம் மெஷினில் ஏற்றுவார்கள், நர்ஸ்கள் கை தட்டுவார்கள், சர்ஜன் கதவருகே நின்று கட்டை விரலைக் காட்டிவிட்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விடுவார்.

சந்தேகம் இருந்தால் கேட்க ஒரு பெண்ணின் நம்பர் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு நானும் உன் அத்தானும் வைத்த பெயர் 'சூப்பர் மேடம்'. சாப்பிட்டது தங்கவில்லை என்று அனுப்பினால், "எடை எவ்வளவு மேடம்?" என்று வரும். சொன்னால், "சூப்பர் மேடம்" என்று வரும். தண்ணீர்கூட நெஞ்சில் நிற்கிறது என்றேன். மறுபடி எடை, மறுபடி சூப்பர். ஒருநாள் விடாப்பிடியாக உட்கார்ந்து சர்ஜனையே பார்த்தேன். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வயித்தக் குறைச்சாச்சு, இனி நீங்க ஆசையக் குறைக்கணும். மென்னு சாப்பிடுங்க" என்றார். மெல்வதற்கு வாயில் ஒன்றுமில்லாத நாட்கள் அவை.

நான் அதை நம்பினேன் என்பதுதான் இன்றைக்கு யோசித்தால் ஆச்சரியம். இத்தனை வருஷம் என் உடம்பில் எது வந்தாலும் காரணம் என் வாய்தான் என்று கேட்டுக் கேட்டு, அதுவே என் எண்ணமாகவும் ஆகியிருந்தது. போதாததற்கு, பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஒல்லியானவள் இளைத்தால் என்னம்மா ஆச்சு என்று பதறுகிறார்கள். குண்டானவள் இளைத்தால் வாழ்த்துகிறார்கள். நான் நோயில் கிடந்த நாளெல்லாம் வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு பாதம் மரத்தது. முதலில் செருப்பு இறுக்கம் என்று நினைத்தேன்.

பயிற்சிக் காரில் சொல்லிக் கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, நினைவிருக்கிறதா? "உனக்கு எதுக்குக்கா பிரேக், நீ கத்தினாலே வண்டி நிக்குமே" என்றவள்தானே நீ. என்னிடம் ஓட்டப் பழகுகிறவர்களில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் வாய்க்குள் கணக்குப் போடுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "இருப்பா, விடை வரட்டும்" என்பார். அன்றைக்கு இறக்கத்தில் போகும்போது ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நான் என் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. மிதிப்பது பிரேக்கா விரிப்பா என்று காலுக்குத் தெரியவில்லை. வாத்தியார் தானாகவே அவருடைய பிரேக்கை அழுத்தியதால் சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போகிற அளவில் முடிந்தது.

"என்ன மேடம், இன்னைக்கு நான் உங்களுக்குச் சொல்லிக்குடுக்கற மாதிரி ஆயிருச்சு" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வண்டியை அவரே ஓரம் கட்டினார். பிறகு இருவரும் இறங்கி, காரை அங்கேயே பூட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து எங்கள் தெருமுனை டாக்டரம்மாவிடம் போனோம்.

அந்தம்மா என்னை எடை மெஷின் பக்கமே கூட்டிப்போகவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் இருந்தேன், இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. கண்ணைத் திறந்தபோது அவர் விரல் என் கட்டை விரல் மேல் இருந்தது.

தொடர்ந்த வாந்தியால் உடம்பில் வைட்டமின் வற்றி, நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். அன்றே ஊசி ஆரம்பித்தார். சர்ஜனுக்குப் போன் செய்தார். "என் பேஷன்ட்ஸ் எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம். டாக்டரம்மா போனை வைத்துவிட்டு, "உங்கள இனிமே நான் பாத்துக்கறேன்" என்றார். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில், தைத்த இடத்தில் பாதை சுருங்கியிருந்தது தெரிந்தது. அதற்குள் சின்ன பலூனை விரித்துச் சரி செய்தார்கள். அன்று குடித்த தண்ணீர் தடங்கலில்லாமல் இறங்கியதும் அழுதுவிட்டேன். உன் அத்தான் பயந்துபோய், "வலிக்குதா?" என்கிறார். "இல்ல, இறங்குது" என்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் காரில் ஏறவில்லை. வகுப்பறையில் சாலைக் குறிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். பாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.

இப்போது சர்ஜனின் ஆஸ்பத்திரியில் ஆண்டு விழா வருகிறதாம். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதிகம் இளைத்தவர்கள் மேடையேறி, பழைய உடையை முன்னால் விரித்துப் பிடித்துக்காட்ட வேண்டும். இந்த ஆண்டின் நட்சத்திரம் உன் அக்காதான். வாந்தியில் போன எடையும் சேர்த்து எனக்கு முதல் இடம். போக வேண்டாம், பிழைத்து வந்ததே போதும் என்கிறார் உன் அத்தான். எனக்கு இரண்டு மனசாக இருக்கிறது. நீ மட்டும் அடுத்த கடிதம் வரும்வரை எதற்கும் நாள் குறித்துவிடாதே.

அன்புடன்,
அக்கா


அன்புள்ள சின்னுவுக்கு,

போனேன்.

முடிவெடுத்தது உன் கடிதத்தால்தான். "உனக்கு ஏதோ நேரம் சரியில்லைக்கா, எல்லாருக்கும் அப்படியா ஆகும்" என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. எனக்கும் விடை தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்காரப்போகிறார்கள் என்றால் போய்க் கேட்டுவிடுவதுதானே.

பழைய பேன்டைத் தேடினேன். உன் அத்தான் அதைக் கிழித்துக் கார் துடைத்து வருஷமாகிவிட்டதாம். "நல்ல துணி, ஒரே பேன்ட்ல ரெண்டு கார் துடைக்கலாம்" என்றார். அதனால் சீட் பெல்டை நீட்டிக்க நான் மாட்டிக்கொண்டிருந்த துண்டுப் பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்றவர்தான், ஆனால் எனக்கு முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார்.

கூடம் நிறைய ஜனம். பலரை ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் பார்த்திருக்கிறேன். படத்தில் எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள். நேரில் பார்த்தால் பாதிப் பேர் தட்டில் இருந்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயிலில் பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்த மெலிந்த பெண் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "வாங்க, சூப்பர் மேடம்" என்றாள். அவளேதான். இத்தனை நாள் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள் இவ்வளவு சின்னப் பெண்ணா என்று இருந்தது.

என்னை மேடைக்கு அழைத்தார்கள். பட்டையைத் தூக்கிக் காட்டினேன். அது என்னவென்று புரிந்ததும் கை தட்டினார்கள். சர்ஜன் மைக்கைக் கொடுத்து, உங்கள் வெற்றியின் ரகசியத்தைச் சொல்லுங்கள் என்றார்.

"ரகசியம்னு ஒண்ணும் இல்ல டாக்டர். வாந்திதான்" என்றேன்.

கூடம் சிரித்தது. நான் சிரிக்காமல் நின்றதும் சிரிப்பு ஓரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது. சுருக்கமாகச் சொன்னேன்: தண்ணீர் இறங்காதது, பாதம், சைக்கிள். சர்ஜன் பக்கத்தில் வந்து, இதை நாம் தனியாகப் பேசலாமே என்று மெல்லச் சொன்னார். மைக் என் கையில் இருந்தது. "தனியாப் பேசத்தான் டாக்டர், இவ்வளவு நாள் உங்க வாசல்ல உட்கார்ந்திருந்தேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. கிளட்சை விடத் தெரியாதவர்களோடு மலைப்பாதையில் போகிறவளுக்குக் குரல் அவ்வளவு சுலபத்தில் நடுங்காது.

பிறகு வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பிட்டது தங்காதவர்கள், காலோ கையோ மரத்தவர்கள், கை தூக்குங்கள் என்று.

யாரும் தூக்கவில்லை. சின்னு, அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது, எனக்குத்தான் நேரம் சரியில்லை என்று நினைத்துவிட்டேன். மேடையில் அத்தனை விளக்குக்கு நடுவே அசட்டுத்தனமாக நின்றேன். அப்போது கதவருகே ஒரு கை உயர்ந்தது. இன்னொரு கையில் பூங்கொத்துகள். 'சூப்பர் மேடம்'. அவளும் அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவளாம். அது யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு முன்வரிசையில் ஒரு பெரியவர். சுவர்ப் படத்தில் முதலில் இருக்கும் பெண். அப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கூடமே வகுப்பறை மாதிரி ஆகிவிட்டது.

சர்ஜன் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரைக் கொடியவராக எழுத எனக்கு வரவில்லை. நிஜமாகவே தெரியாதவரின் முகம் அது. தெரிந்துகொள்ளாமலே காலம் தள்ளியவரின் முகமும் அதேதான். "ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவர், "சொன்னோமே சார், சூப்பர்னு பதில் வந்துச்சு" என்றார். சிரிப்பு கூரையில் போய் இடித்தது. அந்தப் பெண்ணும் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அருகில் வந்து, "அந்த ஒரு பதில்தான் மேடம் சொல்லணும்னு சொல்லியிருந்தாங்க. எனக்கு வாந்தி வந்தப்போ நானே எனக்கு அதத்தான் சொல்லிக்கிட்டேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

விழாவுக்கு வாங்கி வைத்திருந்த கேக்கை யாரும் வெட்டவில்லை. கை தூக்கியவர்கள் அன்றே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், பரிசோதனைக்குத் தேதி வாங்காமல் போகமாட்டோம் என்று. மறுநாள் சர்ஜனே எங்கள் தெருமுனை கிளினிக்குக்கு வந்தார். டாக்டரம்மா அவரை வரிசையில் உட்கார வைத்தார், இருமல்காரர்களுக்கு நடுவில். வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டேன். "முன்னாடி வந்தவங்க முன்னாடி" என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். இப்போது வாரம் ஒரு நாள் அந்தம்மா அந்த ஆஸ்பத்திரியில் உட்காருகிறார். ஆபரேஷன் ஆன ஒவ்வொருவருக்கும் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. 'சூப்பர் மேடம்' இப்போது முதலில் கேட்பது, "என்ன சாப்பிட்டீங்க, தங்குச்சா?" என்று. அவளுக்கும் வைத்தியம் நடக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. என் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது.

கணக்கு வாத்தியார் லைசென்ஸ் வாங்கிவிட்டார். போன வாரம் டாக்டரம்மா அனுமதி கொடுத்ததும், அவர் காரிலேயே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து இறக்கத்தில் ஓட்டிப்போனார். அங்கே எனக்குப் பிரேக் கிடையாது என்பதால் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாள் என் பயிற்சிக் காரில் ஏறி, மெல்லிய செருப்போடு பிரேக்கில் கால் வைத்தேன். அந்த ரப்பரில் வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியும் தெரிந்தது. புது மாணவி, "மேடம், ஏன் சிரிக்கறீங்க, நான் தப்பா ஏதாவது பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். இன்னும் சாவியே போடவில்லை அவள்.

இனி உன் விஷயம். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எனக்கு நல்லது செய்தது, உனக்கும் செய்யலாம். ஆனால் லீவில் வந்து லீவுக்குள் திரும்பும் வேலை இல்லை இது. நீ இருக்கும் ஊரிலேயே செய்துகொள். எந்த டாக்டரானாலும் கத்தியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், எனக்கு ஒன்று என்றால் அடுத்த வருஷம் போனை எடுக்கப்போவது யார் என்று கேள். அவர் எடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடு.

நாள் குறித்ததும் எழுது. உன் அத்தான் இப்போதே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார். கேட்டை மட்டும் இன்னும் சரி செய்யவில்லை. நான் வந்து உன் பக்கத்தில் இருக்கிறேன், நீ சாப்பிடுவது தங்குகிறதா என்று பார்க்கும்வரை. அதிகம் பேசமாட்டேன். ஓட்டப்போவது நீதான். நீ நீண்ட நாள் நிறைந்த உடம்போடு இரு, எந்த எடையில் இருந்தாலும்.

பயப்படாதே. என் கால் பிரேக்கில் இருக்கிறது. இப்போது நன்றாகத் தெரிகிறது.

உன்
அக்கா