பழுது எதுவும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைக் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்தேன். சொட்டவில்லை. இருந்தாலும் வாஷரை மாற்றினேன். வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போதெல்லாம் அவள் எதுவும் சொல்வதில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். டாக்டர் இதற்கு மனச்சோர்வு என்று பெயர் வைத்திருக்கிறார். ஆயுசு முழுக்க லிப்ட் மெக்கானிக்காக உழைத்துவிட்டு வேலையை விட்டு வீட்டோடு வந்தவன் நான். சோர்வு எனக்கல்லவா வரவேண்டும்? அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

மதியம் எங்கள் கட்டடத்து லிப்டில் கொஞ்ச நேரம் மேலும் கீழும் போய்வந்தேன். மூன்றாம் மாடி தாண்டும்போது ஒரு கிரீச் சத்தம். சங்கச் செயலாளர் ஏறினார். "பெரியவரே, இது லிப்ட். உங்க வீட்டு ஊஞ்சல் இல்ல" என்றார். இலவசமாகப் பார்த்துக் கொடுப்பவனுக்கு இந்த மரியாதை!

மார்ச் 6, வியாழன்

மகள் போன் செய்தாள். ஏதோ சிகிச்சையாம்.

"ஜோடியா சேர்றதுப்பா. ஆஸ்பத்திரியில படுக்க வேணாம். வாரத்துல நாலு நாள், தினமும் மூணு மணி நேரம், வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பேசணும். அம்மா சேரணும்னு சொல்றாங்க. உங்களோட."

"எனக்கு என்ன வந்திருக்கு?"

"அதைத்தான் முதல்ல கேட்டுப் பார்ப்பாங்க. ஆளுக்கு ஒரு தடவை தனியா. அப்புறம் ரெண்டு பேரையும் உக்கார வெச்சு."

ஓ, பரிசோதனை! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு யாரும் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. கழற்றிப் பார்த்தும், கையேடுகளை எழுத்துக்கூட்டிப் படித்தும் நானே கற்றுக்கொண்டேன். வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வருவார். பிரேக்? பழுது இல்லை. கேபிள்? பழுது இல்லை. கையெழுத்து, முத்திரை, போய்க்கொண்டே இருப்பார். நான் பார்த்த ஒரு லிப்ட்கூட அதில் தோற்றதில்லை. நான் மட்டும் தோற்பேனா?

மார்ச் 7

"நீங்க வரலேன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன்." பல வாரம் கழித்து முழுசாக ஒரு பேச்சு பேசினாள். அந்தப் பேச்சு இதுதான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் மிரட்டியதற்காக இல்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று வீட்டுக்காரியின் முறை. போன் திரையில் வந்து கேள்வி கேட்பவள் என் மகளைவிடச் சின்னவள். மதிப்பீட்டாளராம். நான் மதிப்பீட்டம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே போனைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அந்தப் பக்கம். யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்க்கவாம். நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், காதுக்கு எட்டாத இடத்துக்குப் போகணும்."

"என் வீட்டுல என் பொண்டாட்டி பேசுறதை நான் கேக்கக் கூடாதா?"

"கூடாது சார்." சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்.

வேறெங்கே போவது? லிப்டுக்குப் போனேன். என்ன சொல்லிக்கொண்டிருப்பாள்? துண்டு மடிப்பதில்கூட நான் குறை சொல்வதையா? சொல்லட்டுமே. மடிப்பது தப்புத்தானே? ஓரத்தோடு ஓரம் சேர வேண்டாமா? யாராவது நியாயம் சொல்லுங்கள் — யாரிடம் கேட்கிறேன்?

மார்ச் 11, செவ்வாய்

என் முறை. முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

தூக்கம்? நல்லா வருது. பசி? நல்லா இருக்கு. எதுலயாவது ஈடுபாடு குறைஞ்ச மாதிரி? இல்லவே இல்ல. கோபம்? நியாயமான கோபம் மட்டும். வாழ்க்கையே வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா? "அதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லம்மா."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்க்கட்டும். ஓர் இடத்தில்கூடக் குறை வைக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

முடிவு சொன்னார்கள். மதிப்பீட்டம்மா இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"சார், நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா உங்களுக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படல."

வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டாயா என்று வாய்திறந்து சொல்லவில்லை, முகத்தில் இருந்திருக்கும்.

"ஜோடிக் குழுவுல ரெண்டு பேருக்கும் தேவை இருந்தாத்தான் இடம். அம்மாவைத் தனியா சேர்த்துக்கிறோம். அவங்களுக்குத் தொந்தரவு இல்லாத ஒரு ரூம் வேணும். தங்கை வீட்டுல இருக்குன்னாங்க."

தொந்தரவு. அது நான்.

சாயங்காலம் கொழுந்தியாள் போன் செய்தாள். "அத்தான், ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போறேன். நீங்கதான் நல்லா இருக்கீங்களாமே!" சிரிப்பு வேறு.

இரண்டு மாதமாம். அதற்கப்புறம்? கேட்டேன். வீட்டுக்காரி பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் சேராமல்தான் மடித்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மதிப்பீட்டம்மாவை நானே கூப்பிட்டேன்.

"எனக்குப் பழுது இருக்கும்மா."

"என்ன பழுது சார்?"

"நீங்கதான் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தானே படிச்சிருக்கீங்க?"

"எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே சார்?"

"இன்ஸ்பெக்‌ஷன்னு நெனச்சேன். அங்க இல்லேன்னு சொன்னாத்தான் பாஸ்."

அந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு நாளும் காட்டிய சிரிப்பு இது இல்லை. நாளைக்கு மறுபடி கேட்கிறேன் என்றாள்.

எந்தப் பழுதைச் சொல்வது? முழங்காலைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களா?

மார்ச் 15, சனி

சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். அவள் இந்தத் தடவை வேறு மாதிரி ஆரம்பித்தாள். காலையிலிருந்து என்னென்ன செய்வீர்கள், சொல்லுங்கள் என்றாள். இது ஒரு கேள்வியா? கடகடவென்று சொன்னேன்.

"எழுந்து குளிச்சு, வேலைக்குப் போற சட்டையைப் போட்டுக்குவேன்."

"எந்த வேலைக்கு சார்?"

"போட்டுப் பழக்கம்."

"அப்புறம்?"

"குழாயைப் பார்ப்பேன். கேஸைப் பார்ப்பேன். இவ காய் வெட்டுறதைப் பார்ப்பேன். தப்பா வெட்டுனா சொல்லுவேன்."

"அப்புறம்?"

"லிப்டுல போவேன்."

"எங்க?"

எங்கே... மேலே. அப்புறம் கீழே.

"அப்புறம்?"

இந்த அம்மாவுக்கு வேற வார்த்தையே தெரியாதா? "அப்புறம் ஒண்ணுமில்லம்மா. போன் எதுவும் வராது. முன்னெல்லாம் யாராவது மாட்டிக்கிட்டா என்னைத்தான் கூப்பிடுவாங்க. இப்ப யாரும் கூப்பிடுறதில்ல." அதோடு எழுந்து சமையலறைக்குப் போனேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தூக்கம் வராததையும், சோறு இறங்காததையும், நேரம் இல்லை என்று தட்டிக்கழித்த அந்தக் கடைசிக் கேள்விக்கு உண்டான பதிலையும் சொன்னேன். அவள் பயப்படவில்லை. எப்போது, எப்படி என்று நிதானமாகக் கேட்டாள். தோன்றியதோடு சரி, வேறெதுவும் இல்லை என்றேன். மறுபடி தோன்றினால் எந்நேரமானாலும் கூப்பிட ஓர் எண் கொடுத்தாள். என் வாயாலேயே படித்துக் காட்டச் சொன்னாள்.

பிறகு வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஜோடியாகச் சேர வேண்டும் என்று ஏன் கேட்டீர்கள் என்றாள். துண்டு விவகாரம் வரப்போகிறது என்று தயாராக இருந்தேன்.

"இவர் கத்துறது எனக்குப் பழகிடுச்சும்மா" என்றாள் வீட்டுக்காரி. "ஒருநாள் கடைக்குப் போயிட்டு வந்து லிப்டுக்கு நிக்கிறேன். கதவு திறந்துச்சு. உள்ள இவரு. நான் எதிர்லயே நிக்கிறேன், என்னைப் பார்க்குறாரு, ஆனா பார்க்கல. கதவு மூடிக்கிச்சு, மேல போயிட்டாரு. அன்னியிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போச்சு."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, கதவு ஏன் சீக்கிரம் மூடுச்சுன்னு சென்சாரைப் பத்திப் பேசுவீங்க."

நான் சென்சாரைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கொழுந்தியாள் வந்தாள். "என்ன அத்தான், நீங்களும் கெட்டுப்போயிட்டீங்களாமே?"

"ஆமா. இடம் கிடைச்சிருச்சு" என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனாள்.

மார்ச் 18, செவ்வாய்

முதல் நாள். திரையில் நான்கு ஜோடி, நான்கு கட்டம். மற்ற மூன்றும் சின்னஞ்சிறுசுகள். இவர்களுக்கு அதற்குள் என்ன கேடு? ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்று ஒரு விதி. யார் போட்ட விதியோ, கல்யாணம் ஆகாதவர் போட்டிருப்பார். குறுக்கிட்டேன். நிறுத்தினார்கள். மறுபடியும் குறுக்கிட்டேன்.

மார்ச் 19

இன்றும்தான். தகவல் தப்பாக இருந்தால் திருத்த வேண்டாமா?

மார்ச் 20, வியாழன்

இன்று மேல்கட்டத்துப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறவள். வாய்திறந்தால் போதும், அவள் வீட்டுக்காரன் நடுவில் புகுந்து அது அப்படி இல்லை, இது இப்படி இல்லை என்கிறான். பாவம், அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே அவன்மேல் எரிச்சலாக வந்தது.

"கவலைப்படாதம்மா, மாறிடுவாரு" என்று அவளிடம் என் வீட்டுக்காரி சொன்னாள். "ஆரம்பத்துல எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாரு." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

ஆரம்பமா? அது முந்தாநாள்! நேற்றுகூட நான் குறுக்கிட்டேன். இவள் சொன்னது அப்பட்டமான தப்பு. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். எல்லாக் கட்டத்திலும் முகங்கள் என்னைப் பார்த்தன. இவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.