மூன்றாவது கூடை

அக்டோபர் 6, 1994
என்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் ஃபிதென்சியோவின் அம்மா தோன்யா பெத்ரோனிலா சந்தையில் நாலு பேர் காதுபடச் சொல்லியிருக்கிறாள்: "அந்த எர்மெலிந்தா ஒரு வெலெய்தோசா. அவ வீட்டுக்குப் பெண் கேட்டுக் கூடை தூக்கிட்டுப் போக மாட்டேன்."

பக்கத்துக் கடை ஒப்துலியா ஓடி வந்து ஒப்பித்தாள். சிரித்தேன். மிளகாய் விற்கிறவளுக்குக் காரம் புதிதா?

அக்டோபர் 7
வெலெய்தோசா — காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம் உள்ளவள். எங்கள் ஊரில் மழையை அப்படிச் சொல்வார்கள், அதிர்ஷ்டத்தைச் சொல்வார்கள், என்னைச் சொல்வார்கள். என் அண்ணன் மூன்று கட்சி மாறினான். அவன் விவரமானவனாம்.

அக்டோபர் 9
இரண்டு கூடைகளைத் திருப்பி அனுப்பியவள்தான் நான். கூடையில் வரும் மாப்பிள்ளை வீட்டு ரொட்டியைப் பிட்டுத் தின்னாமல் அனுப்பினால் சம்மதம் இல்லை என்று ஊருக்கே தெரியும். போன்சியானோ, மிளகாய்க் கடையை நீயே நடத்து என்றான். கூடை வந்த மறுநாள் மூடச் சொன்னான். அடுத்துக் கூடை அனுப்பியவன் இங்கேயே இருப்போம் என்றான். பிறகு வடக்கே பிழைக்கப் போகலாம் என்றான். மனம் மாறியது யார்? நான் கேட்டது அன்றும் இன்றும் ஒன்றுதான், என் கடை.

அக்டோபர் 15
சனிக்கிழமை. தேன் கொண்டுவரும் ஃபிதென்சியோ வரவில்லை. அம்மா பேச்சைக் கேட்டு ஆடுறானா? கோபமா வருது. அழுகையும் வருது. அவனைப் பிடிச்சிருக்கே, என்ன செய்ய —

அக்டோபர் 20
பெத்ரோனிலா தானே கடைக்கு வந்தாள். மிளகாயை எடுத்து முகர்ந்தாள்.

"நான் கூடை கொண்டு வந்தா அதையும் திருப்பி அனுப்புவியா?"

"உங்க பையன் கடையை மூடச் சொன்னா, அன்னைக்கே கூடை உங்க வாசல்ல இருக்கும், தோன்யா. வேற வாக்கு என்கிட்ட இல்ல."

பணிந்து போயிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

மிளகாயைத் திரும்ப வைத்தாள். "எனக்கும் ஒரு தையல் மெஷின் இருந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் வித்துட்டார். நான்தான் கூடை வந்த அன்னைக்கே ரொட்டியைப் பிட்டுத் தின்னுட்டேனே." கிளம்பும்போது, "அவனைப் போன வாரம் வராதேன்னு சொன்னது நான்தான்" என்றாள்.

அக்டோபர் 30
கூடை வந்தது. அவள்தான் தூக்கி வந்தாள்.

நவம்பர் 5
ரொட்டியை இன்னும் தொடவில்லை. "அவசரம் இல்லடி" என்றாள் பெத்ரோனிலா.

நவம்பர் 12
காலையில் ஃபிதென்சியோ வந்து கடையைத் திறந்து, மூட்டைகளை இறக்கிவிட்டுத் தேன்கூடுகளைப் பார்க்கப் போனான். ரொட்டி கொஞ்சம் காய்ந்துவிட்டது. காப்பியில் தோய்த்துத் தின்றோம், நானும் ஒப்துலியாவும். கூடை இப்போது என் அடுப்படியில் இருக்கிறது. வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.