கயிற்றில் சாய்ந்த அலியும் உன் அப்பாவும்

காளிகாட்,
14-11-1999

சி. வித்யாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். உன் அப்பாவின் இடுப்பு நீங்கலாக இங்கு எல்லாம் க்ஷேமம். மெல்போர்னில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே.

இடுப்புக்கு என்ன என்று பதறாதே. பெஹாலாவில் பார்த்த வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ விமானம் ஏறியதிலிருந்து உன்னோடு பேசமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாரே, அந்த வீம்புக்கு இப்போது ஒரு சாஸ்திரம் கிடைத்திருக்கிறது. கீழ் வீட்டு கோஷ்தா நம் தெரு கிளப்பில் ஒரு பழைய குத்துச்சண்டை கேசட் போட்டார், நீ பிறப்பதற்கு முன்னால் ஆப்பிரிக்காவில் அலியும் ஃபோர்மனும் மோதிக்கொண்டது. ஃபோர்மன் மாடு மாதிரி பலசாலியாம், அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடிடா என்று விட்டுவிட்டானாம், அவன் அடித்தே களைத்துப்போக, எட்டாவது சுற்றில் இவன் அவனைச் சாய்த்துவிட்டானாம். நானும் இதைத்தான் செய்கிறேன், அவளே களைத்துப்போய் இறங்கி வருவாள் என்கிறார் உன் அப்பா. ஞாயிறுதோறும் நீ ஃபோன் செய்யும்போது பால்கனியில் போய் நின்றுகொள்வது கோபமில்லையாம், தந்திரமாம்.

கோஷ்தா விடுவாரா? அன்றைக்குக் கயிறு தளர்ந்திருந்தது, அதனால்தான் தலையைப் பின்னால் வளைத்துத் தப்பினான், தந்திரமாவது மண்ணாவது என்றாராம். துர்கா பூஜை முடிந்து பந்தலும் பிரித்தாயிற்று, கிளப்பில் வேறு என்ன வேலை, நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அத்தனை பேரையும் நம் மொட்டை மாடிக்குக் கூட்டி வந்துவிட்டார் உன் அப்பா. கயிறு எது என்கிறாய், என் துணி காயப்போடும் கொடிதான். கோஷ்தா குரங்குக் குல்லாயைக் கூடக் கழற்றாமல் ஃபோர்மனாக நின்றார், கையை ஓங்குவதற்குள் கொடி அறுந்து உன் அப்பாவும் என் ஈரப் புடவைகளும் தரையில். பார்த்தீர்களா பௌதி, எல்லாம் கயிற்றின் கோளாறு என்று அண்ணி முறை கொண்டாடி என்னிடமே ஜெயித்துக்கொண்டு போனார் அந்த மனிதர்.

அப்புறம் உன் அப்பா படுத்தபடியே அந்தக் கேசட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தார். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே நானும் முழுக்கப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே பாய்ந்துபோய் அடித்தவன் அலிதான். கயிற்றில் சாய்ந்தபோதும் இடம் கிடைத்தபோதெல்லாம் குத்தினான், எல்லாவற்றுக்கும் மேலாக அவன் வாய் ஓயவேயில்லை, அடியை வாங்கிக்கொண்டே எதிராளியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் சாஞ்சான், ஆனா வாயை மூடிண்டு சாயலையே, நீங்க பாதியைத்தானே கத்துண்டேள்" என்றேன்.

நீ மட்டும் என்னவாம்? அப்பா எப்படி இருக்கார் என்று என்னைக் கேட்கிறாயே தவிர, அவரிடம் கொடு என்று ஒரு நாளாவது சொன்னாயா? இரண்டு பேருமே ஆளுக்கொரு பக்கம் கயிற்றில் சாய்ந்துகொண்டால் அது என்ன சண்டை? நடுவில் நின்று நின்று எனக்குத்தான் அலுத்துவிட்டது, அழுகையும் வருகிறது.

விளக்கை அணைக்கப் போனபோது உன் அப்பா கேட்டார், "மெல்போர்ன்ல இப்போ மணி என்ன இருக்கும்?"

அம்பாள் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். குளித்தால் தலையை நன்றாகத் துவட்டு. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு மறக்காமல் ஃபோன் செய். ஃபோனை அவர் தலைமாட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறேன், டாக்டர் சொல்லும்வரை அவரால் பால்கனிக்கு எழுந்து போக முடியாது. நான் அந்த நேரத்தில் கோயிலுக்குப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகலக்ஷ்மி